பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு கேஸ் மாற்றலாமா?

தம்பி, 14.2 கிலோ சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து, டியூப் போட்டு 5 கிலோ சிலிண்டரில் கேஸ் ஏற்ற எந்த அடாப்டர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அடாப்டர் பெயர் சொல்ல மாட்டேன். வேண்டாம்.

கசிவு மட்டும் பிரச்சினை இல்லை. உள்ளே இருப்பது திரவம், சூடேறினால் விரியும். அதனால்தான் சுமார் 80–85 சதவீதத்தோடு நிறுத்தி, மேலே ஆவிக்கு இடம் விடுவார்கள். பாட்டிலிங் பிளாண்டில் காலி எடையைக் கழித்து, தராசில் வைத்தே நிரப்பி, வால்வையும் சோதிக்கிறார்கள். வீட்டில் டியூப் வழியாக ஏற்றினால் அளவு மீறியதே தெரியாது. கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து பக்கத்து அறை சாமி விளக்கு வரை போகும். சட்டப்படியும் குற்றம்.

ரூமில் டீயும் சோறும்தானே? இண்டேனின் 5 கிலோ 'சோட்டு' வாங்குங்கள். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். காலியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கிலோ விலை வீட்டு சிலிண்டரைவிடக் கூடத்தான், மானியமும் கிடையாது. வாங்கும்போது மேல்பட்டையில் சோதனைத் தேதியைப் பாருங்கள்: 'B-27' என்றால் 2027 ஜூன் வரை (B என்பது ஏப்ரல்–ஜூன் காலாண்டு).

ஆமாம், அந்தச் சின்ன சிலிண்டர் பாத்திரக்கடையில் வாங்கியதா? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.