அங்கோர் வாட்டை முதல் நாளே பார்க்காதீர்கள்

கம்போடியா பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும், அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியாம் ரீப் நகரத்துக்கே கொடுத்துவிடுகிறேன். தமிழ்க் குழுக்களை அங்கே அழைத்துப் போய்வந்தவன் என்ற உரிமையில் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் 71 வயது மாமியாரும் ஜனவரியில் ஒரு வாரம் சியாம் ரீப் செல்கிறோம். பயண முகவர் முதல் நாள் அதிகாலையில் அங்கோர் வாட், அன்று மாலைக்குள் பேயோன், தா புரோம் என்று எழுதியிருக்கிறார். மீதி நாட்களுக்கு எதிரே ‘ஓய்வு, கடைவீதி’ என்றிருக்கிறது. ஒரு வாரம் அதிகமோ? மூன்று நாளாகக் குறைத்துவிடலாமா? — ஆர்.வி., மதுரை

நாட்களைக் குறைக்காதீர்கள் அம்மா. அந்த முதல் நாளைக் குறையுங்கள். மூன்று பெரிய கோயில்களை ஒரே நாளில் ஏறி இறங்கியவர்கள், மாலையில் ஓட்டல் கூடத்தில் உட்கார்ந்து கைபேசிப் படங்களைத் தள்ளியபடி, “இது எந்தக் கோயில்?” என்று என்னிடமே கேட்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கு திரும்பினாலும் கறுத்த மணற்கல், தேவமாதர், படிக்கட்டு. மூன்றாவது கோயிலுக்குள் நுழையும்போது கண் கடையைச் சாத்தியிருக்கும்.

என் யோசனை ஒன்றுதான். கோயில்களைக் கட்டப்பட்ட வரிசையிலேயே பாருங்கள். பழையவை முதலில், அங்கோர் வாட் நடுவில், பேயோன் கடைசியில். செங்கல் எப்படி மணற்கல்லாகிறது, தரையில் நின்ற சன்னதி எப்படி மலையாக உயர்கிறது, சிவன் இருந்த இடத்துக்கு விஷ்ணுவும் பிறகு புத்தரும் எப்படி வருகிறார்கள் என்பதெல்லாம் யாரும் விளக்காமலே புரியும். அங்கோர் வாட்டை முதலில் பார்த்துவிட்டால், அதற்கு 200 ஆண்டு மூத்த அருமையான கோயிலைக்கூட “இவ்வளவுதானா?” என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.

வந்திறங்கும் நாளில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. ஊரை ஒட்டியிருந்த பழைய நிலையத்தை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புகளை நம்பிவிடாதீர்கள். அன்று மாலை செய்ய வேண்டியது டிக்கெட் வாங்குவது மட்டும்தான். கோயில் வாசலில் அது கிடைக்காது. ஊரில் இதற்கென்று உள்ள டிக்கெட் மையத்தில் முகத்தைப் படமெடுத்து அச்சிட்டுத் தருவார்கள், இணையத்திலும் வாங்கலாம். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. ஏழு நாள் டிக்கெட்டையே வாங்குங்கள். ஒரு மாதத்துக்குள் விரும்பிய ஏழு நாட்களில் அதைப் பயன்படுத்தலாம். பத்து டாலரை மிச்சம் பிடித்தவர்கள்தான் கொடுத்த காசுக்கு ஈடுகட்ட வெயிலில் ஓடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு வாங்கினால் டிக்கெட்டில் மறுநாள் தேதி இருக்கும். ஆனால் அன்று மாலையே உள்ளே விடுவார்கள்.

மறுநாள் காலை ரொலுவோஸ். ஊருக்குக் கிழக்கே 13 கிலோமீட்டர்; கூட்டம் குறைவு. அங்கே பிரேயா கோ என்ற சிறிய கோயில். முதலாம் இந்திரவர்மன் 879-இல் தன் முன்னோர் நினைவாக எழுப்பிய ஆறு செங்கல் சன்னதிகள். எதிரே நந்திகள் சன்னதியைப் பார்த்துப் படுத்திருக்கின்றன. மாமியாருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. செங்கல்மேல் பூசிய சுண்ணச் சாந்து சில இடங்களில் இன்னும் உதிராமல் இருக்கிறது. அதில் செதுக்கிய பூவேலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே இரண்டு ஆண்டு பிந்திய பக்கோங். அதே அரசன், ஆனால் இம்முறை அகழி சூழ்ந்த ஐந்தடுக்குக் கல்மலை. பின்னால் வரப்போகும் அங்கோர் வாட்டுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அடுத்து பத்தாம் நூற்றாண்டு. பிரே ரூப் கோயிலை ஒரு மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தேய் ஸ்ரேய்க்கு ஒரு முழுக் காலையையும் ஒதுக்குங்கள். ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், அங்கோர் வாட்டை விட்டுவிட்டு இங்கேதான் போவேன். 967-இல் வழிபாட்டுக்கு வந்த இந்தக் கோயிலைக் கட்டியவர் அரசர் அல்லர். யக்ஞவராகர் என்ற ராஜகுரு. சன்னதி வாயில்களில் குனியாமல் நுழைய முடியாது, அவ்வளவு சிறியவை. செந்நிற மணற்கல்லில் விரல் நுழையும் ஆழத்துக்குக் குடைந்திருக்கிறார்கள். தெற்கு நூலகத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கைலாயத்தை உலுக்குகிறான். மலையில் இருப்பவர்கள் வெலவெலத்துப் போக, பார்வதி சிவனை ஒட்டிக்கொள்கிறாள். வாயில் முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், மார்பு வற்றி எலும்பு துருத்திய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பேயுருவம் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அவளை அடையாளம் காண்கிறார்கள். கைடுகள் பலர் இதைக் காட்டாமலே போய்விடுவார்கள். நீங்களே கேளுங்கள்.

அதற்குப் பிறகுதான் அங்கோர் வாட். அதுவும் பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் வெளிச்சம் அப்போதுதான் முகப்பில் விழும். உள்ளே போனதும் மாடிக்கு ஓடாமல் வெளிப் பிரகாரத்தில் வலப்பக்கம் திரும்புங்கள். சுவர் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நம் வழக்கப்படி வலம் வந்தால் கதை பின்னாலிருந்து முன்னால் வரும். இங்கே சிற்பங்கள் இடம் சுற்றுவதற்கென்றே அமைந்தவை. முதலில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மூலை திரும்பினால் இரண்டாம் சூரியவர்மன் குடைகள் சூழ வீற்றிருக்கிறான். அவன் படை நடக்கிறது. பிறகு எமன் தீர்ப்பு, சொர்க்கம், நரகம். கிழக்குப் பக்கம் திரும்பியதும் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல். கூர்மத்தின்மேல் மத்து, ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர். அதோடு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதிச் சுற்றுக்கு இன்னொரு நாள் வரலாம், டிக்கெட்தான் இருக்கிறதே.

மாமியாரைப் பற்றி. பாக்கான் எனப்படும் உச்சித் தளத்துக்கு மரப்படிகள் செங்குத்தாகப் போகின்றன. அவர் ஏற வேண்டாம். சிற்பப் பிரகாரத்துக்குச் சில படிகள் போதும். ஆனால் மேற்கு வாயிலிலிருந்து நிழலே இல்லாமல் நெடுந்தூரம் நடக்க வேண்டும். துக்துக் (நம் ஆட்டோ போன்ற வண்டி) ஓட்டுநரிடம் சொல்லிக் கிழக்கு வாயிலில் இறங்கினால் மரநிழலில் வரலாம். உடை விதியும் உண்டு; தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கு மறுப்பில்லை. அரைக்கால் சட்டையோடு வரும் கணவரைத்தான் பாக்கான் படியடியில் நிறுத்திவிடுவார்கள்.

நடுவில் ஒரு நாள் கோயிலே கூடாது. தோன்லே சாப் ஏரியைப் பாருங்கள். மழைக்காலத்தில் மேகோங் ஆற்று வெள்ளம் தள்ள, ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே பாயும். ஏரி பல மடங்கு விரியும். ஜனவரியில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். கரையோரக் கிராமங்களில் வீடுகள் உயரமான கால்களில் நிற்பது ஏன் என்று அப்போது நன்றாகத் தெரியும். படகில் ஏற்றிப் போய், “பள்ளிக்கூடத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுங்கள்” என்று ஒரு கடையில் நிறுத்தினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கடைசி இரண்டு நாட்கள் ஏழாம் ஜயவர்மன் என்ற அரசன் கட்டிய கோயில்களுக்கு. தா புரோம், பிரேயா கான், பேயோன். தா புரோமில் சுவரைப் பற்றிய மரவேர்முன் படம் எடுக்க வரிசை நிற்கும், திறந்தவுடன் போய்விடுங்கள். நம் இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகள் சீரமைப்புச் செய்த கோயில் அது. பேயோனில் எல்லோரும் மேலே கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்களைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் கீழே வெளிப் பிரகாரத்தில் நில்லுங்கள். சேவல் சண்டை, சந்தை, சமையல் என்று ஊர் வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கிறது.

எந்த நாளானாலும் பதினொரு மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பித் தூங்குங்கள். மூன்று மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம்.

சூரிய உதயம் பார்க்காமல் வந்தால் நண்பர்கள் கேலி செய்வார்களே? — கே.எஸ்., கோயம்புத்தூர்

பார்த்துவிட்டு வா தம்பி. அங்கோர் வாட் ஐந்து மணிக்கே திறந்துவிடும். எல்லோரும் இடப்பக்கக் குளத்தின் கரையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். அந்த நெரிசல் வேண்டாம் என்றால் ஸ்ரா ஸ்ராங் குளக்கரையும் அதே நேரத்தில் திறந்திருக்கும். அங்கோர் வாட்டுக்கே போனால் ஒன்று செய். சூரியன் மேலே வந்ததும் கூட்டம் காலைச் சிற்றுண்டிக்குக் கலைந்துவிடும். நீ அப்போது உள்ளே போ. பிரகாரம் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

அங்கோர் வாட்டைக் கட்டியவன் சோழன் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? — பெயர் வேண்டாம், திருச்சி

இல்லை. கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன்; கெமர் அரசன். ‘வர்மன்’ என்ற பெயரைப் பார்த்ததும் நம்மவன் என்று கட்டிப்பிடிக்கிறோம். அந்த மண்ணின் கல்தச்சர்களுக்கு உரிய பெருமையைப் பறித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உறவு இருந்தது என்று சொல்லுங்கள். அதற்குச் சான்று கைவசம் இருக்கிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. கரந்தைச் செப்பேடுகள், காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் நட்பை நாடி ராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதைச் சொல்கின்றன. 1114-ஆம் ஆண்டுச் சிதம்பரக் கல்வெட்டு, காம்போஜ மன்னன் காட்டிய ஓர் அரிய கல்லைக் குலோத்துங்க சோழன் காலத்தில் கோயிலில் பதித்த செய்தியைத் தருகிறது. இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறிய காலமும் ஏறத்தாழ அதுவே. வாட்ஸ்அப் கதையைவிட இது சுவையாக இல்லையா?

சுத்த சைவம். வெங்காயம், பூண்டு சேர்ப்போம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? — எல்.ஜி., கும்பகோணம்

சியாம் ரீப்பில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, பட்டினி இல்லை. ஆபத்து உள்ளூர்ச் சமையலில்தான். மீன் சாறும் ‘பிரஹோக்’ என்ற ஊறவைத்த மீன் விழுதும் காய்கறிக் குழம்பில்கூடச் சேரும். “மாமிசம் வேண்டாம்” என்றால் இவற்றை மாமிசக் கணக்கில் வைக்க மாட்டார்கள். மாமிசம், மீன், மீன் சாறு, பிரஹோக் நான்கும் வேண்டாம் என்று ஓட்டல் ஊழியரிடம் கெமர் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் பக்கம் போகும் நாட்களில் பழமும் இளநீரும் தாராளமாகக் கிடைக்கும். குழுக்களில் புளிக்காய்ச்சலைக் கட்டிக்கொண்டு வந்த மாமிகளுக்குத்தான் கடைசி நாளில் மவுசு அதிகம்.

பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போனால் மலிவு என்கிறார்கள். பணம் எப்படி மாற்றுவது? — டி.ஜே., சென்னை

2025-இல் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் மோதல் வெடித்து வழிகள் மூடப்பட்டன. தரைவழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக விமானத்திலேயே போங்கள். இந்தியர்களுக்கு விசா தேவை. இ-விசா எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். பணத்துக்கு டாலர் நோட்டுகளாகவே கொண்டுபோங்கள், சிறிய நோட்டுகளாக. மூலையில் சிறிது கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள் என்பதால் மாற்றும் இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மீதிச் சில்லறை ரியலில் வரும். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். துக்துக்கை நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். பந்தேய் ஸ்ரேய் தூரம் என்பதால் அதற்குக் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான்.

பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதம்தான் விடுமுறை. போகலாமா? — பி.என்., சேலம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஏப்ரல் அங்கேயும் உச்ச வெயில். நடு ஏப்ரலில் கெமர் புத்தாண்டு வருவதால் உள்ளூர்க் கூட்டமும் சேரும். கடைகள் பல மூடியிருக்கும். மே மாதப் பிற்பகுதி பரவாயில்லை. மழை தொடங்கும், பெரும்பாலும் பிற்பகலில். காலையில் கோயில் திறக்கும் ஏழரை மணிக்கு உள்ளே இருந்து, பத்தரைக்கு வெளியே வந்துவிடுங்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. ஆனால் வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வராமல் கையோடு எடுத்துப் போங்கள். பாக்கானில் அந்த வயதுப் பிள்ளைகளை மேலே விடுவதில்லை என்பதால், பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் ஏற வேண்டியிருக்கும்.