புயல் அடங்காத மனதுக்கு அமைதி உண்டா? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி மன அமைதியைப் பற்றியே கேட்கின்றன. தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமிருந்தும் அப்புறமிருந்தும் வந்தவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: 2017 நவம்பரில் ஆழ்கடலுக்குத் தொழிலுக்குப் போன என் கணவர் ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுதிரியோடு போகும்போது, எனக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. இயேசு புயலை அதட்டி அடக்கிய நற்செய்தியைக் கோவிலில் வாசிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடலாமா என்று தோன்றுகிறது. எனக்கு விசுவாசம் போய்விட்டதா?
– வாசகி, வள்ளவிளை

பதில்: அன்புச் சகோதரி, விசுவாசம் போய்விட்டவர் அந்த நற்செய்தியைக் கேட்டு இவ்வளவு வேதனைப்படமாட்டார். அது அவருக்கு ஒரு பழங்கதையாக மட்டுமே இருந்திருக்கும். உங்களுக்கு அது வலிக்கிறது என்றால், அந்தப் படகில் இருந்தவர் உங்கள் கணவரின் படகிலும் இருந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் இன்னும் எதிர்பார்க்கிறீர்கள் என்றே பொருள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. அதை யாரும் உங்களிடமிருந்து பறிக்க வேண்டாம்.

மாற்கு எழுதிய நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தை, மறையுரைகளில் அதிகம் பேசப்படாத ஒரு வரிக்காக மறுபடியும் வாசித்துப் பாருங்கள். படகு நீரால் நிரம்பும்போது சீடர்கள் தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று கேட்கிறார்கள். இது பணிவான ஜெபம் அன்று, குற்றச்சாட்டு. கலிலேயக் கடலிலே வலை வீசி வளர்ந்த மனிதர்கள், எந்தக் காற்று ஆளைக் கொல்லும் என்று அறிந்தவர்கள், ஆண்டவரின் முகத்துக்கு நேராகவே அப்படிக் கேட்டார்கள். திருச்சபை அந்தக் கேள்வியை அழித்துவிடாமல் நற்செய்தியிலேயே வைத்துக் காத்திருக்கிறது. அவர்களோடு தொழில் செய்த அந்திரேயாவின் திருநாள் நவம்பர் 30 என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒக்கி உங்கள் கடலைப் புரட்டியதும் அதே நாளில்தான். அந்த மீனவர் கேட்ட கேள்வியை அதே நாளில் விதவையான நீங்கள் கேட்பது தேவதூஷணம் ஆகாது.

உங்கள் கணவருக்காக அந்தப் புயல் ஏன் அடங்கவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதாகச் சொல்லி உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை நீங்கள் நம்பவும் வேண்டியதில்லை. ஆனால் நான் உறுதியாக நம்புகிற ஒன்று உண்டு. “என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்” என்று இயேசு சொன்னது, அவர் பிடிபடுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னால், கடைசி இராவுணவின்போது. அதே இரவில் கெத்சமனே தோட்டத்தில் தம் உள்ளம் சாகுமளவுக்குத் துயரம் கொண்டிருப்பதாக அவரே சொல்லித் தரையில் விழுந்து மன்றாடினார். அமைதியைக் கொடுத்தவரும் துயரத்தில் துடித்தவரும் ஒரே ஆள், ஒரே இரவு. ஆகவே கிறிஸ்து தரும் அமைதி, துக்கம் முழுவதும் வெளியேறிய பிறகு காலியான வீட்டுக்குக் குடிவருவதன்று. துக்கம் இருக்கும்போதே, அதன் பக்கத்திலேயே வந்து உட்காருவது. நீங்கள் அழுகிற இரவுகளில் அமைதி உங்களைவிட்டுப் போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். உயிர்த்தெழுந்த பிறகு பூட்டிய அறைக்குள் வந்து “உங்களுக்குச் சமாதானம்” என்று வாழ்த்தியவர், அதை அடுத்து முதலில் செய்தது தம் கைகளையும் விலாவையும் காட்டியதுதான். காயங்கள் ஆறி மறைந்துபோன உடலோடு அவர் வரவில்லை.

கல்லறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேதாகமத்தின் கடைசிப் புத்தகம், இறுதித் தீர்ப்பின் நாளைப் பற்றிச் சொல்லும்போது, “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது” என்கிறது. மண்ணில் புதைக்கப்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனவர்களையும் கடவுள் கணக்கில் வைத்திருக்கிறார் என்பதைத் தனியாக எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தை எழுதிய அருளப்பருக்குத் தோன்றியிருக்கிறது. அவரும் கடலால் சூழப்பட்ட பத்மு தீவில் இருந்துகொண்டுதான் அதை எழுதினார். வருகிற நவம்பர் 2ஆம் தேதி உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லி உங்கள் கணவரின் பெயரைத் திருப்பலியில் வாசிக்கச் செய்யுங்கள். அதன்பின், மனம் இடம் கொடுத்தால், கடற்கரையிலேயே ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள உங்கள் ஊர்கள் மாநிலத்தால் தமிழ்நாடு, மறைமாவட்டத்தால் திருவனந்தபுரம். எல்லைக்கு அப்பால் பொழியூரிலும் பூந்துறையிலும் இதே புயலில் ஆளை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருத்தியோடு சேர்ந்து நில்லுங்கள். அவளுக்கு நீங்கள் ஆறுதலாக எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. இரவில் தூக்கம் இல்லை. குழந்தையை எடுக்கவும் பயப்படுகிறாள். “நான் இருந்து என்ன பயன்” என்று சொல்கிறாள். எங்கள் ஜெபக்குழுவில் சிலர், உபவாசித்து ஜெபித்தால் போதும், மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்கிறார்கள்.
– தாய் ஒருவர், பாறசாலை

பதில்: அம்மா, இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இன்றே மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பேறுகாலத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய். சிகிச்சையால் குணமாகக் கூடியது. “இருந்து என்ன பயன்” என்ற பேச்சை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவளைத் தனியே விடாதீர்கள். இரவு நேரமானால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

விசுவாசத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்டது இராஜாக்களின் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவனிடம் வந்த தேவதூதன் அவன் விசுவாசத்தைச் சோதிக்கவில்லை, உபவாசம் இருக்கும்படி சொல்லவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் எலியா கேட்ட கடவுளின் மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். சோர்ந்துபோன ஒருவரிடம் கடவுள் முதலில் உடலைக் கவனித்தார் என்பதை அந்த ஜெபக்குழுவினருக்கு அன்போடு வாசித்துக் காட்டுங்கள். நம் நாட்டிலேயே நெய்யூரில் 1838இல் சுவிசேஷ ஊழியத்தோடு மருத்துவ ஊழியமும் தொடங்கியது. மருந்தையும் ஜெபத்தையும் எதிரெதிராக நிறுத்துவது நம் முன்னோர் அறிந்த கிறிஸ்தவம் அன்று. உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் இருக்கட்டும். உங்கள் மகள் மூன்று வேளையும் சாப்பிடட்டும், அவள் உறங்குகையில் அவர்களில் ஒருவர் குழந்தையை வைத்துக்கொள்ளட்டும். அதுவும் ஜெபமே.

கேள்வி: எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் பேரப்பிள்ளைகள் சேருவதில்லை. மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள், தமிழ் வேதாகமம் வாசிக்கத் தெரியாது. இதனால் தினமும் சத்தம், என் நிம்மதி போகிறது.
– பெரியவர் ஒருவர், நெய்யாற்றின்கரை

பதில்: ஐயா, ஒரே சங்கீதத்தை நீங்கள் தமிழில் வாசியுங்கள், பிள்ளைகள் மலையாளத்தில் வாசிக்கட்டும், ஒரு வசனம் விட்டு ஒரு வசனமாக. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பாஷையிலேயே கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்க வேறு நேரம் ஒதுக்குங்கள். அதையும் விட்டுவிடக் கூடாது. ஆனால் ஜெப நேரத்தை அதற்கான வகுப்பாக்கினால், பிள்ளைகள் தமிழையும் ஜெபத்தையும் சேர்த்தே வெறுப்பார்கள்.

கேள்வி: நான் களியக்காவிளைக்காரன், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பெரும் கலக்கத்தில் இருந்தபோது கிறிஸ்துவிடம் கிடைத்த சமாதானம் என்னை மாற்றியது. இதை நண்பர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் மதம் மாற்ற வந்துவிட்டான் என்கிறார்கள். என் பக்கத்து இருக்கை நண்பர், இந்து, அவருடைய தாயார் இப்போது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் சிகிச்சை பெறுகிறார். அவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?
– இளைஞர் ஒருவர்

பதில்: தம்பி, உங்களுக்குக் கிடைத்ததைப் பிறரிடம் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு நல்லது, அது இல்லாத கிறிஸ்தவர்களுக்காகத்தான் நான் கவலைப்படுவேன். எப்படிச் சொல்வது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது.

1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர் டச்சுக் கம்பெனியின் தளபதி டிலனாய். அரசர் அவரைத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். அங்கே அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, கால்நடைகளையும் விளைச்சலையும் தொடர்ந்து இழந்து மனம் உடைந்திருந்த நேரத்தில், தம் துயரத்தை இந்த அந்நியரிடம் சொன்னார். டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த வரிசைதான். முதலில் துயரப்பட்டவர் பேசினார், கேட்டவர் கேட்டார். பிறகு கேட்டவர் சொன்னது, எல்லாவற்றையும் இழந்து கடவுளிடம் வழக்காடிய ஒருவனின் கதை. உன் கடவுள் பொய், என் கடவுள் மெய் என்ற வாதம் அதில் இல்லை. தானும் நாடு இழந்து கைதியான மனிதர், இன்னொரு மனிதரின் இழப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன கதை அது.

நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராமல் எல்லோரையும் சமமாக நடத்தினார். மிகுந்த சித்திரவதைக்குப் பின் 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாயின் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள்.

உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதினார். கேட்கிறவர்களுக்கு என்றார். கேட்காதவர்களின் மேசையில் துண்டுப் பிரசுரம் வைப்பதையும், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வசனம் அனுப்புவதையும் நிறுத்திவிடுங்கள் என்றே உங்களுக்குச் சொல்வேன். இயேசு எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பியபோது, எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் அந்த வீட்டுக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்று வாழ்த்தச் சொன்னார். அதை ஏற்பவர் அங்கே இல்லையென்றால் அது உங்களிடமே திரும்பி வரும் என்றார். கொடுத்தது வீணாகிவிடுமோ என்ற பதற்றம் அந்தக் கட்டளையில் இல்லை. அந்தப் பதற்றம்தான் நம்மை வற்புறுத்துகிறவர்களாக ஆக்குகிறது. வற்புறுத்தலை எதிரிலிருப்பவர் ஒரு நொடியில் கண்டுகொள்வார்.

உங்கள் நண்பரின் தாயாருக்கு இரத்தம் தேவைப்படுமா என்று முதலில் கேளுங்கள். மருத்துவமனையில் சீட்டு எடுக்க விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டிய நாள்களில் அவருக்குப் பதிலாக நீங்கள் போய் நில்லுங்கள். அவர் பயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இடைமறித்து வசனம் சொல்லாதீர்கள், கடைசிவரை கேளுங்கள். அதன்பின், “அம்மாவுக்காக நான் வேண்டிக்கொள்ளலாமா?” என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் வேண்டிக்கொள்ளுங்கள், மறுநாளும் வரிசைக்குப் போங்கள். சரி என்றால், அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, அவருக்குப் புரிகிற எளிய மலையாளத்தில், சுருக்கமாக வேண்டிக்கொள்ளுங்கள். நீ எப்படி இவ்வளவு நிதானமாக இருக்கிறாய் என்று அவர் என்றாவது கேட்டால், உங்கள் கலக்கமான நாள்களில் உங்களுக்கு நேர்ந்ததை நேர்ந்தபடியே சொல்லுங்கள்.