காரைக்குடியில் விபத்து இழப்பீட்டு வக்கீலாகத் தொழில் செய்வது எப்படி இருக்கும்?

சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. இவை எந்த வக்கீலுக்கும் பொது. காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

தொழிலின் உயிர் சாட்சியத்தில்தான். ஆத்தங்குடியில் பூக்கல் (தரை ஓடு) வார்க்கும் 32 வயதுக்காரர் ஒருவருக்குச் சாலை விபத்தில் முழங்கால் மடங்காமல் போய்விட்டது என்று வையுங்கள். மாத வருமானம் 15,000 ரூபாய். ஆண்டுக்கு 1,80,000, எதிர்கால வருமான உயர்வுக்கு 40% சேர்த்தால் 2,52,000. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், அந்த வயதுக்கு 16. டாக்டரின் சான்று ஊனம் 30% என்றால் அதில் 30%, அதாவது 12,09,600 ரூபாய். ஆனால் குத்துக்காலிட்டு உட்கார முடியாதவர் அந்த வேலையைச் செய்யவே முடியாதே! அதை டாக்டர் வாயாலும் பட்டறைக்காரர் வாயாலும் கோர்ட்டில் சொல்ல வைத்து, தொழில்ரீதியான இழப்பு 50% என்று நிரூபித்தால் 20,16,000. சம்பளச் சீட்டே இல்லாத குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பிள்ளைகளின் படிப்பு. நான் இந்தத் தொழிலை மதிப்பது இதற்காகத்தான்.

விபத்து எங்கே நடந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதியின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். அதனால் சென்னைச் சாலை விபத்துகளும் இங்கே வரும்.

வருமானம்? முதல் சில வருடங்கள் கஷ்டம்தான். இழப்பீட்டில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. பேசுபவர்களும் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். சரி, தொழில் பழகச் சேரும் சீனியர் வக்கீலை எப்படித் தேர்வது? டாக்டரைக் கோர்ட்டில் தாமே விசாரித்துச் சாட்சியம் வாங்குபவரிடம் சேருங்கள்.