கால்நடை கேள்வி-பதில்: குதிரைத் தீவனத்தில் எண்ணெய்

எங்களிடம் ஒரு மார்வாரி பெண் குதிரை இருக்கிறது. எடை சுமார் 350 கிலோ. தினமும் 3 கிலோ ஓட்ஸும் கொள்ளும் தின்றும் விலா தெரிகிறது. எண்ணெய் கொடுத்தால் உடம்பு பிடிக்குமா? பித்தப்பை இல்லாத பிராணிக்கு எண்ணெய் செரிக்காது என்கிறாரே பக்கத்து லாயக்காரர்?
— வாசகர், அந்தியூர்

பித்தப்பை இல்லை என்பது உண்மை. ஆனால் நாள் முழுக்க மேயும் பிராணி என்பதால், ஈரலிலிருந்து பித்தநீர் ஓயாமல் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். சிறுகச் சிறுகப் பழக்கினால் எண்ணெய் நன்றாகவே செரிக்கும்.

எண்ணெய் டப்பாவைத் திறக்குமுன் இரண்டு வேலை இருக்கிறது. லத்தியை உடைத்துப் பாருங்கள். ஓட்ஸ் முழுசு முழுசாக இருந்தால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி, சரியாக மெல்ல முடியவில்லை என்று சந்தேகிக்கலாம். கால்நடை மருத்துவர் அரத்தால் ராவிவிடுவார். அடுத்து, குடற்புழு நீக்கம். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எண்ணெய் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பிறகும் இளைத்தே இருந்தால் எண்ணெய்க்கு வரலாம். முதல் மூன்று நான்கு நாள் தினமும் 30 மி.லி., அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அடுத்த மூன்று நான்கு நாள் 60. இப்படியே 30, 30 ஆகக் கூட்டி, மூன்று வாரத்தில் 180-200 மி.லி.க்கு வந்து நிறுத்துங்கள். காலை, மாலை என்று பிரித்து, ஊறவைத்த கொள்ளிலோ ஈரத் தவிட்டிலோ பிசைந்து வையுங்கள். 100 கிலோ எடைக்கு 100 மி.லி. என்பது மேல்வரம்பு. அங்கே போக உங்கள் குதிரைக்கு அவசியமில்லை.

கூட்டும்போது லத்தியைக் கவனியுங்கள். உருண்டையாக விழாமல் குழைந்து, மேலே பிசுபிசுப்பு தெரிந்தால் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். சிறுகுடலில் செரிக்காத கொழுப்பு பெருங்குடலுக்கு இறங்கி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கெடுக்கும். முந்தைய அளவுக்கே திரும்பி ஒரு வாரம் பொறுங்கள்.

200 மி.லி. எண்ணெயின் சக்தி அரை கிலோவுக்குச் சற்று மேலான ஓட்ஸுக்குச் சமம். எண்ணெயில் மாவுச்சத்து இல்லை, அதனால் தானியம் அதிகமாகி வரும் குளம்பு அழற்சிப் பயமும் இல்லை. அதே சமயம் புரதமோ தாது உப்போ துளியும் கிடையாது. ஆகவே கொள்ளைக் குறைக்காதீர்கள். உலர்தீவனமும் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 5 முதல் 7 கிலோ, போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு 100 மி.லி. எண்ணெய்க்கும் 100 முதல் 200 யூனிட் வைட்டமின் ஈ சேருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உடம்பில் சேரும் எண்ணெய் ஆக்சிஜனேற்றமடைந்து கெடாமல் காப்பது அதுதான்.

எந்த எண்ணெய் நல்லது? கடையில் சூரியகாந்தி மலிவாகக் கிடைக்கிறது.
— வாசகர், ஓசூர்

சதை பிடிக்க மட்டும் என்றால் எதுவும் ஆகும். சக்தியில் பெரிய வித்தியாசமில்லை. குதிரை விரும்பித் தின்பதைக் கொடுங்கள்.

வித்தியாசம் ஒமேகா கொழுப்பில் இருக்கிறது. பச்சைப் புல்லில் அழற்சியைத் தணிக்க உதவும் ஒமேகா-3 தாராளம், காய்ந்தால் பெரும்பகுதி போய்விடும். வைக்கோலும் காய்ந்த புல்லும் தின்னும் குதிரைக்குச் சூரியகாந்தி, மக்காச்சோள எண்ணெய் கொடுத்தால் பெரும்பாலும் ஒமேகா-6தான் போகும். ரோமம் பளபளக்கும், அவ்வளவே. சோயா எண்ணெய் பரவாயில்லை. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3. விலை கூடுதல் என்பதால் தினமும் 50 மி.லி. மட்டும் அதைக் கொடுத்து, மீதியைச் சோயாவால் நிரப்பலாம். தேங்காய் எண்ணெயில் சக்தி உண்டு, ஒமேகா-3 இல்லை.

பெயிண்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய் பக்கமே போகாதீர்கள். சீக்கிரம் உலர உலோகக் கலவை சேர்த்தது. அது மரத்துக்கு, வயிற்றுக்கல்ல.

வயிற்றுவலியில் புரளும் குதிரைக்கு விளக்கெண்ணெய் புகட்டலாமா?
— வாசகர், ராமநாதபுரம்

கூடாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவும் கூடாது. தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். இருமல்கூட வராமல் போகலாம், சில நாளில் நுரையீரல் அழற்சியாக வெளிப்படும். விளக்கெண்ணெய் குடலைப் புண்ணாக்கிப் பெரும் பேதியில் கொண்டுவிடும். மற்ற சமையல் எண்ணெய்கள் சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால், பெருங்குடலில் அடைத்திருப்பதை இளக்க அங்கே போய்ச் சேருவதே இல்லை.

மருத்துவர் மூக்குவழிக் குழாய் போட்டுச் செலுத்துவது திரவ பாரஃபின் என்ற கனிம எண்ணெய். அது செரிக்காது, அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் இரைப்பையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று அதே குழாயில் முதலில் பார்த்துக்கொள்வார்.

அவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிடுங்கள். தாடையடி ரத்தக்குழாயில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். 60ஐத் தாண்டினால் போனிலேயே அதைச் சொல்லுங்கள்.

சவாரி மட்டக்குதிரை கொழுகொழுவென்று இருக்கிறது. ரோமப் பளபளப்புக்குக் கொஞ்சம் எண்ணெய்?
— வாசகர், ஊட்டி

பிடரி மேடு கையில் கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? அப்படியானால் ஒரு கரண்டியும் வேண்டாம். கொழுத்த மட்டக்குதிரை திடீரென்று தீவனத்தை ஒதுக்கினால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் பெருகி ஈரலைத் தாக்கும். தாது உப்புக் கலவையும், தினம் கால் மணி நேரம் தேய்ப்பானும் போதும்.

ஓட்டலில் பஜ்ஜி பொரித்த எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே?
— வாசகர், சென்னை

வேண்டாம். சிக்குப் பிடித்த எண்ணெய் உடம்பிலுள்ள வைட்டமின் ஈயையும் தின்றுவிடும். புது எண்ணெயையே 5 லிட்டர் கேனுக்கு மேல் வாங்காதீர்கள். வெயில் படாத இடத்தில் மூடி வைத்து, திறந்த ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தொட்டியில் மிஞ்சிய தீவனத்தை அன்றன்றே கழுவி ஊற்றுங்கள். மறுநாள் அந்த வாடைக்கே குதிரை மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.