கேளுங்கள், சொல்கிறேன்: காற்றில் பள்ளம் உண்டா?

கேள்வி: நடுவானில் விமானம் குலுங்கிய செய்தியை ஒரு நாளிதழ் ‘காற்று வெற்றிடத்தில் சிக்கியது’ என்று எழுதுகிறது. இன்னொன்று ‘டர்புலன்ஸ்’ என்று அப்படியே போடுகிறது. எது சரி?

பதில்: ‘வெற்றிடம்’ தவறு. அந்தச் சொல்லை இந்தச் செய்திகளிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். காற்றே இல்லாத பள்ளம் எதுவும் விமானம் பறக்கும் வானத்தில் கிடையாது. அங்கே இருப்பது தாறுமாறாக ஏறியும் இறங்கியும் சுழன்றும் ஓடும் காற்று. இறங்கும் காற்றுக்குள் நுழைந்ததும் வயிறு மேலே எழும்புவது போலிருக்கும். அடுத்த நொடியே ஏறும் காற்று விமானத்தைத் தூக்கும். பல நூறு அடி விழுந்துவிட்டதாகப் பயணிகள் நினைப்பார்கள். பெரும்பாலான குலுக்கல்களில் உயரம் மாறுவது சில மீட்டர்தான்.

இடிமேகத்துக்குள்ளும் மலைமுகட்டைத் தாண்டி வரும் காற்றிலும் இது நேரும். மேகமே இல்லாத தெளிந்த வானத்திலும் நேரும். ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் என்ற அதிவேகக் காற்று ஓடுகிறது. அதன் ஓரங்களில், வேகமான காற்றும் மெதுவான காற்றும் உரசும் இடத்தில்தான் அது பிறக்கிறது. விமானத்தின் வானிலை ரேடார் மழைத்துளிகளைக் கண்டுகொள்ளும். துளியில்லாத காற்றை அதனால் பார்க்க முடியாது. இருக்கைப் பட்டை விளக்கு அணைந்த பிறகும் பட்டையைக் கட்டியே வைத்திருங்கள் என்று விமானப் பணியாளர்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். இறக்கை முறிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பறக்கும்போது தாங்க வேண்டிய அதிகபட்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்டினால்தான் அந்த வடிவமைப்புக்கு அனுமதி கிடைக்கும். அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் பட்டை கட்டாதவர்கள்.

செய்திக்குக் ‘காற்றுக் கொந்தளிப்பு’ என்பதே பொருத்தம். ‘குலுங்கியது’ என்பது விளைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது எனக்கு வேறொரு சொல் கைகொடுத்தது. ஒரு பயணத்தில் விமானி அறிவித்து முடிப்பதற்குள் தண்ணீர்க் குவளை என் மடியில் கவிழ்ந்தது. அடுத்த இருக்கையில் இருந்த மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா சொல்கிறார்?” என்று கேட்டார். தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்ப்பதே என் வேலை. அந்த நொடியில் கையேட்டுச் சொல் ஒன்றும் வாயில் வரவில்லை. “முன்னால் காற்று கலங்கியிருக்கிறதாம் பாட்டி” என்றேன். “கலங்கினால் தெளியும்” என்று சொல்லிப் பிடியைத் தளர்த்தினார்.

கேள்வி: கடலும் கொந்தளிக்கிறது, மக்களும் கொந்தளிக்கிறார்கள். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் டர்புலன்ஸ்தான். இது தற்செயலா?

பதில்: இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து சேர்ந்திருக்கின்றன. லத்தீனில் ‘டுர்பா’ என்றால் அமளி, கூச்சலிடும் கும்பல். டர்புலன்ஸ் அதன் வழியில் வந்தது. மனிதர்களின் கலவரத்திலிருந்து நீருக்கும் காற்றுக்கும் போனது. நம் ‘கொந்தளிப்பு’ கடலில் தொடங்கி மக்களிடம் வந்தது. அதே லத்தீன் குடும்பத்தில் ‘டுர்போ’ என்றால் பம்பரம், சூறைக்காற்று. அதைக் கொண்டுதான் பிரெஞ்சுப் பொறியாளர் குளோது புர்தேன் 1822-இல் ‘டர்பைன்’ என்ற சொல்லை உருவாக்கினார்.

அறிவியலுக்குள் இந்தச் சொல் தாமதமாகத்தான் நுழைந்தது. 1883-இல் பிரிட்டன் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயத்தை இழையாக விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடியவரை சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இழை நெளிந்து, சுருண்டு, குழாய் முழுவதும் கரைந்து பரவியது. அவர் அதை ‘நெளிந்தோடும் இயக்கம்’ என்ற பொருளில்தான் குறித்தார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1887-இல் தம் கட்டுரைத் தலைப்பிலேயே டர்புலன்ஸின் வினையடை வடிவத்தைக் கொண்டுவந்தார்.

இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். குழாயைச் சற்றே திறந்தால் நீர் கண்ணாடிக் குச்சி போல, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி இறங்கும். நம் பாடநூல்கள் ‘வரிச்சீர் ஓட்டம்’ என்பது அதைத்தான். இன்னும் திருகினால் ஒளி சிதறி, பரப்பு முறுக்கிக்கொண்டு, இரைச்சலும் சேர்ந்துவிடும். அந்த இரைச்சல் மருத்துவருக்கும் உதவுகிறது. இரத்த அழுத்தம் பார்க்கையில் கைப்பட்டையை மெல்லத் தளர்த்துவார்கள் அல்லவா? நெருக்குண்டு கிடக்கும் தமனியில் இரத்தம் கொந்தளித்துப் பாயும்போது எழும் ஓசையைத்தான் ஸ்டெதஸ்கோப் கேட்கிறது. தமனி முழுதும் திறந்து ஓட்டம் சீரானதும் ஓசை நின்றுவிடும். ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் இதை எடுத்துச் சொன்னார்.

அப்படியிருந்தும் அறிவியலுக்குக் ‘கொந்தளிப்பு’ எனக்கு முழு நிறைவு தரவில்லை. அதில் சீற்றம் கூடுதல். நட்சத்திரம் மினுக்குவதும் வளிமண்டலத்தின் டர்புலன்ஸால்தான்; அதைக் கொந்தளிப்பு என்று எழுதும்போதெல்லாம் பேனா தயங்குகிறது. ‘கலங்கல்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். படிப்பவர்கள் சேற்று நீரை நினைத்துவிடுவார்கள் என்று தோன்றியதால் மாற்றிவிட்டேன்.

கேள்வி: ‘கணவர் இறந்தபின் அவர் கொந்தளிப்பான ஆண்டுகளைக் கடந்தார்’ என்று மொழிபெயர்த்தேன். திருத்துநர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அடித்தது சரிதான். ஆண்டுகள் கொந்தளிப்பதில்லை, அவற்றில் வாழ்ந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் கேள்வி. கோபம் பொங்கியதென்றால் ‘கொந்தளித்தார்’. மனம் நிலைகொள்ளவில்லை என்றால் ‘கலங்கிப்போனார்’. வீடு, வேலை, ஊர் என்று மாறி மாறித் துரத்தப்பட்டார் என்றால் ‘அலைக்கழிந்தார்’. மூலத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அங்கே வீடு மாறியதும் கடன்காரர்கள் வந்ததும் சொல்லப்பட்டிருந்தால் இப்படி எழுதலாம்: ‘கணவர் இறந்தபின் சில ஆண்டுகள் அவர் அலைக்கழிந்தார்.’