ஒட்டுண்ணி நொதியம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எந்தப் பட்டம்?

மகளுக்கு மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை, "ஒட்டுண்ணிகளின் நொதியங்களை ஆராயப் போகிறேன்" என்று நிற்கிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நொதியம் என்றால் உயிர்க்கலத்தில் இரசாயனத் தாக்கங்களை வேகப்படுத்தும் புரதம். வேலை இருக்கிறது, அந்தப் பெயரில்தான் யாரும் ஆள் எடுப்பதில்லை. அதனால் முதற் பட்டம் சோறு போடுவதாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இரண்டு வழி உண்டு. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் நான்கு ஆண்டு. முடித்து இலங்கை மருத்துவ சபையில் பதிந்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் வேலை பார்க்கலாம். விஞ்ஞான பீடத்துக்குப் போனால் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு நிற்கக்கூடாது. ஆய்வுத்திட்டம் உள்ள நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் வேண்டும். என் கருத்தில் முதலாவதே பாதுகாப்பு. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அங்கிருந்தும் போகலாம்.

மலேரியா இல்லாத நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்துவிட்டதே, இனி என்ன ஆராய்ச்சி என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி இன்னும் இங்கே இருக்கிறது. மற்ற இடங்களில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் டொனோவானி இனம் இங்கே பெரும்பாலும் தோலிற் புண்ணாக வருகிறது. அதன் வகை மொன்-37 என்று 2003இல் வெளியானதும், அதன் நொதியங்கள் மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று பார்த்துத்தான்.

பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க ஓர் உதாரணம். மலேரியா ஒட்டுண்ணியின் லக்ரேற் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியத்தை அளக்க வேண்டும். ஒட்டுண்ணி இருப்பதோ செங்குழியத்துக்குள். அங்கே மனிதனின் அதே நொதியமும் உண்டு. அந்த நொதியம் வேலை செய்யத் தேவையான துணைநொதியமாகச் சாதாரண என்ஏடி போட்டால் இரண்டும் சேர்ந்தே கணக்கில் வரும். ஏபிஏடி என்ற மாற்றுத் துணைநொதியத்தை ஒட்டுண்ணியின் நொதியம் வேகமாகப் பயன்படுத்தும், மனிதனுடையது மெதுவாக. அப்படியிருந்தும் தொற்றில்லாத செங்குழியங்களை அதே அளவில் எடுத்துப் பக்கத்தில் ஓட்டிக் கழிக்காவிட்டால் விடை பிழை. நேரத்தோடு அளவீடு மாறுவதைக் காட்டும் வளைவு சரியத் தொடங்கிய பிறகு வேகம் எடுப்பதும் பிழை. நொதியத்தை ஐதாக்கி, தொடக்க நேர்கோட்டில்தான் எடுக்க வேண்டும்.

லீஷ்மேனியாவில் வேறு தலையிடி. கலத்தை உடைத்ததும் அதன் சிஸ்டீன் புரட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதியங்கள்) மற்றப் புரதங்களைத் தின்னத் தொடங்கும். ஐஸில் வைத்து, ஈ-64 போன்ற தடுப்பி சேர்ப்பார்கள். அளக்க வேண்டியதே அந்தப் புரட்டியேஸ் என்றால், ஈ-64 சேர்த்தவருக்குப் பூச்சியம்தான் வரும்.

இந்தக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள்: 1 சென்ரிமீற்றர் குவெற்றில் (ஒளியை ஊடுருவ விட்டு அளக்கும் சிறு பாத்திரம்) 340 நானோமீற்றர் ஒளியில் என்ஏடிஎச்சின் (ஐதரசன் ஏறிய என்ஏடி) உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.622 குறைகிறது, மோலார் உறிஞ்சல் குணகம் 6220. செறிவு எவ்வளவு குறைந்தது? நிமிடத்துக்கு 0.1 மில்லிமோலார் என்று முகம் சுளிக்காமல் போட்டுக் காட்டினால் இந்தத் துறை பிடிபடும். உயிரியல் மட்டும் பிடித்து இரசாயனவியலை வெறுக்கும் பிள்ளைக்கு இது சரிவராது.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கைக் கவனியுங்கள். மேலே எழுதிய பாடநெறி கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்க மாட்டார்கள். ஆய்வுகூட விஞ்ஞானம்தான் வேண்டுமென்றால், அதை உயிரியல் விஞ்ஞானத்துக்கு மேலே எழுத வேண்டும்.