அடுப்படியிலிருந்து வந்த ஃபோகஸ்

அன்புள்ள ஐயா,

கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது என் தொழில். இத்தாலியச் சமையல் வீடியோ ஒன்றில் நெருப்பை ‘ஃபுவோக்கோ’ என்றார்கள். தேடியதில் ஸ்பானியத்தில் ‘ஃபுவேகோ’ என்று வந்தது. ஆங்கில ‘ஃபயர்’தான் இப்படித் திரிந்ததோ? ஆனால் லத்தீனில் நெருப்புக்கு ‘இக்னிஸ்’ என்றும், அது அக்னிக்கு உறவு என்றும் படித்திருக்கிறேன். லத்தீனின் பிள்ளைகளான இந்த மொழிகளில் இக்னிஸ் எங்கே போனது?

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

பதில் உங்கள் கழுத்தில்தான் தொங்குகிறது. ஃபுவோக்கோ, ஃபுவேகோ, பிரெஞ்சு ‘ஃபெ’, ருமேனிய ‘ஃபோக்’ எல்லாம் ‘ஃபோகுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வாரிசுகள். நீங்கள் நாளெல்லாம் சொல்லும் ஃபோகஸேதான். ஆனால் பழைய லத்தீனில் அதற்குப் பொருள் அடுப்பு. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பெண் மாதத்தின் மூன்று முக்கிய நாட்களில் அடுப்புக்கு மாலை சாத்தி வீட்டுத் தெய்வத்தை வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ‘கேட்டோ’ என்ற பழைய ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார்.

ஃபயர் வேறு குடும்பம். அது கிரேக்க ‘பூர்’ என்ற சொல்லுக்குச் சொந்தம். முதலெழுத்து ஒத்துப்போனது தற்செயல். இக்னிஸும் அக்னியும் உறவு என்பது சரி. ரஷ்ய ‘அகோன்’கூட அதே வம்சம்தான். ஆனால் லத்தீன் பேசிய சனங்கள் தினம் பார்த்தது அடுப்பில் எரிந்த நெருப்பை. போகப்போக ஃபோகுஸ் என்றாலே நெருப்பு என்றாகி, இக்னிஸ் ஏட்டோடு நின்றது. குதிரைக்கும் இதே கதைதான்: காவியங்களில் பாய்ந்த ‘எக்வுஸ்’ மறைந்து, மூட்டை சுமந்த ‘கபால்லுஸ்’ நிலைத்தது. இப்படிச் சமையற்கட்டுச் சொல் ஜெயிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குஷி.

அடுப்பு அங்கேயும் குடும்பத்தைக் குறித்தது. 1328-ல் பிரான்சில் வரிக்காகக் கணக்கெடுத்தபோது ஆட்களை எண்ணவில்லை, அடுப்புகளை எண்ணினார்கள், சுமார் 24.7 லட்சம் தேறியது. நம்மூரில் தம்பி தனி அடுப்பு வைத்தால் கோவில் வரிக்குத் தலைக்கட்டு ஒன்று கூடுகிறதே, அதே கணக்கு. ஸ்பானியத்தில் சொல்லின் முதல் ஃபகரம் பல இடங்களில் தேய்ந்து விழுந்துவிடும். அப்படி வந்த ‘ஓகார்’ என்பதற்கு வீடு என்றே பொருள். ‘கர்ஃபியூ’வும் இந்த வகையறாதான். பழைய பிரெஞ்சில் ‘நெருப்பை மூடு’ என்று அர்த்தம். மரவீடுகள் நெருக்கியடித்த ஊர்களில் இரவு மணி அடித்ததும் தணலை மூடிவிட வேண்டும். ஊரடங்கு என்ற நம் சொல்லில் ஊர்தான் அடங்குகிறது, அவர்களுக்கு அடுப்பு.

இனி கேமரா. ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர் 1604-ல் தம் ஒளியியல் நூலில், நீள்வட்டம் போன்ற வளைவுகளுக்குள் இருக்கும் சில புள்ளிகளுக்குப் பெயர் தேடினார். ஒளியை மனத்தில் வைத்து அவற்றை ஃபோகுஸ் என்றழைப்போம் என்றார். ஏன் அடுப்பு? பள்ளி மைதானத்தில் பூதக்கண்ணாடியால் பஸ் டிக்கெட்டைச் சுட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முதலில் காசளவு வெளிச்சம். கையை ஏற்றி இறக்கினால் மிளகளவு. அப்புறம் ஒரு பழுப்புப் பொட்டு, புகை. ஜெர்மனில் அதை ‘எரிபுள்ளி’ என்றே சொல்கிறார்கள். நம் பாடநூலின் ‘குவியம்’ நல்ல சொல்தான், கதிர்கள் குவிவதைக் காட்டுகிறது. ஆனால் அதில் சூடு இல்லை என்பது என் மனக்குறை. ஐந்தாண்டு கழித்து, 1609-ல், கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் நிறுவியபோது சூரியனை உட்காரவைத்ததும் இந்த அடுப்புகளில் ஒன்றில்தான்.

இப்படிக் கெப்ளரின் ஏட்டுக்குப் போன ஃபோகுஸை ஸ்பானியம் மறுபடி ‘ஃபோகோ’ என்று கடன் வாங்கிக்கொண்டது. மெக்சிகோவில் கடைக்குப் போய் ஃபோகோ கேட்டால் ஒரு பல்பை எடுத்து நீட்டுவார்கள்.